ஆர்கானிக் ரீச்சும் ஆடி மாசமும்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்பது, நமக்கே பாதிதான் புரிந்த வார்த்தைகளை, அவை தேவையே இல்லாதவர்களுக்குப் புரியவைக்கும் தொழில். விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் மாடியில் ஓர் அறை எடுத்து, திண்டிவனம் வரைக்கும் உள்ள கடைகளின் சோஷியல் மீடியா பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஆடி மாசம்

திண்டிவனத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஒருவர். முதல் மாத ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் என்கேஜ்மென்ட் எனப்படும் லைக்கும் இல்லை, கமென்ட்டும் இல்லை. மறைக்க மனமில்லாமல், "என்கேஜ்மென்ட் ரொம்பக் கம்மியா இருக்குங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மோர் வரவழைத்துக் கொடுத்து எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஆடி மாசத்துல யாருங்க நிச்சயதார்த்தம் வைப்பாங்க? ஆவணி பொறக்கட்டும், அதுவரைக்கும் மனச விட்றாதீங்க."

ஒரு சொட்டு மருந்து

அனந்தபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையைச் சொந்த நிலத்தில் விளைவித்து, ஆட்டி எண்ணெய் விற்கிறார். விளம்பரத்துக்குக் காசு கட்டாமலே தானாக வந்து பார்ப்பவர்களை நாங்கள் ஆர்கானிக் ரீச் என்போம். போனில் அவரிடம், "உங்க பக்கத்துல ஆர்கானிக் சுத்தமா இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து, ஒரு பை மல்லாட்டையை என் மேஜைமேல் கொட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அது எண்ணெயைப் பற்றியதல்ல, சோஷியல் மீடியா கம்பெனி தரும் கணக்கு என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து போகும்போது சொன்னார்: "எல்லாம் சரிதாங்க. ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல நானு. அந்தக் கம்பெனிக்காரங்கள ஒரு தபா நெலத்துக்கு வந்து பாத்துக்கினு போகச் சொல்லுங்க."

வைரல்

ஸ்டெல்லா அக்கா விழுப்புரத்தில் தனியாளாகத் தையல் கடை நடத்துகிறார். கேமரா முன்னால் பேசவே மாட்டேன் என்றார்; நான்தான் விடவில்லை. பதற்றத்தில் 'டிசைனர் பிளவுஸ்' என்ற இடத்தில் மூன்று தடவை நாக்குக் குழறியது. இயல்பாக இருக்கட்டும் என்று வெட்டாமல் போட்டேன். யாரோ அந்தக் குழறலை மட்டும் எடுத்துப் பாட்டோடு சேர்த்துவிட, இரண்டே நாளில் எங்கெங்கோ பரவிவிட்டது. முழுதாகப் பார்க்காமலே கடைக்கு ஓடி, "அக்கா, வைரல் ஆயிட்டீங்க" என்றேன்.

அக்கா கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் பிள்ளைகள் வாசலில் நின்று அதேபோல் குழறிக் காட்டிவிட்டுப் போனார்களாம். என் வீடியோவை அங்கேயே நின்று நீக்கினேன். மற்றவர்கள் போட்டதை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தேன். ஒன்று போனால் இரண்டு வந்தது.

ஒரு வாரம் அக்கா ஷட்டரைப் பாதிதான் திறந்தார். மன்னிப்புக் கேட்கப் போனபோது என்னைத் திட்டவில்லை. மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "வைரல்னா காய்ச்சல் மாதிரிதானே தம்பி, எத்தன நாள்ல எறங்கும்?"

அதன் பிறகு யாராவது என்ன தொழில் என்று விசாரித்தால், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்து தரும் பழைய பிரிண்டரை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.