வட்டம் சுற்றிய இணைச்சீர்

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். வட்டம்.

டிவியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று படம் நின்று, திரையின் நடுவில் ஒன்று சுற்ற ஆரம்பிக்குமே... அந்த வட்டம். உங்கள் வீட்டிலும் சுற்றியிருக்கும். சுற்றாத வீடு எங்காவது இருக்கிறதா என்ன?

மற்ற நாளாக இருந்தால் எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடலாம். இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. காரணம், என் மைத்துனன் செந்திலின் கல்யாணம்.

செந்திலுக்குத் தாராபுரம் பக்கத்தில் தென்னந்தோப்பு, கிணறு, டிராக்டர், நல்ல குணம் எல்லாம் உண்டு. பெண் மட்டும் கிடைக்காமல் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் இப்போது இது வீட்டுக்கு வீடு வாசற்படி. "மாப்பிள்ளைக்குத் தோப்பு இருக்கோணுமுங்க. ஆனா மாப்பிள்ளை தோப்புல இருக்கக் கூடாதுங்க" என்கிறார்கள் பெண்ணைப் பெற்றவர்கள். என்ன நியாயம் இது?

அவனுக்காக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது என் மனைவி சாந்தாமணிதான். அம்மா அப்பா இல்லாத தம்பி. இவள் ஒரே அக்கா. ஒரு வழியாகப் பெண் அமைந்ததும் இவள் முதலில் நினைத்தது இணைச்சீரைத்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சமமாக அவனுடைய அக்காளையோ தங்கையையோ நிறுத்திச் செய்யும் சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். தாலி எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்பதைக்கூட மறந்துவிடுவார்கள். இணைச்சீரில் யார் நின்றாள் என்பதை மட்டும் எந்தச் சொந்தமும் மறக்காது.

அந்த நேரம் பார்த்துத்தானா சாந்தாமணி மொட்டை மாடிக்கு வடகம் எடுக்கப் போக வேண்டும்? படியில் சறுக்கி, கால் உடைந்து, ஆபரேஷன் ஆயிற்று. காலைத் தொங்கப்போட்டு உட்காரவே கூடாது என்றார் டாக்டர். தாராபுரம் வரை கார்ப் பயணமா? பேச்சே கிடையாது.

அவள் இடத்தில் பெரியப்பா மகள் சுசீலா நிற்பதாக முடிவாயிற்று. "அவளே நிக்கட்டுமுங்க. அவளும் அக்காதானுங்களே" என்று சொல்லிவிட்டு, சாந்தாமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

மண்டபத்திலிருந்து நேரலை காட்டச் செந்தில் ஏற்பாடு செய்திருந்தான். "நீ படுத்துட்டே பாருக்கா. உனக்குத் தெரியாம சீர் நடக்காது" என்று ஃபோனில் சொன்னான். ஆக, என் வேலை ஒன்றுதான். அந்த நேரலை எங்கள் வீட்டு டிவியில் நிற்காமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா!

ஒத்திகைக்கு ஒரு சமையல் வீடியோவைப் போட்டேன். கடுகு வெடிக்கிற வரைக்கும் நன்றாக ஓடியது. கறிவேப்பிலை விழுவதற்குள் வட்டம் வந்துவிட்டது.

"ஏனுங்க, ஒரு தாளிப்பையே தாங்க மாட்டேங்குதே... இது எங்கீங்க சீரைத் தாங்கப் போகுது?" என்றாள் சாந்தாமணி.

பக்கத்து வீட்டுத் துரைசாமி அண்ணனிடம் யோசனை கேட்டேன். எங்கள் கோயமுத்தூரில், கணபதிப் பகுதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். கோயமுத்தூர்க்காரரிடம் எதைக் கேட்டாலும் மோட்டார் வழியாகத்தான் பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"எத்தனை எச்.பி. லைனுங்க?"

"அண்ணா, இது நெட்டுங்க. எம்.பி.பி.எஸ்."

"எதா இருந்தா என்னங்க? பத்தலைன்னா பெருசாப் போடோணும். அதுக்கும் பத்தலைன்னா நடுவுல ஒரு பூஸ்டர் வெச்சுப்போடுங்க."

கேட்டேன். பெரிய பிளானுக்கு மாறினேன். வட்டமும் புதுத் தெம்போடு சுற்றியது. பூஸ்டர் வாங்கி, சிக்னலே எட்டாத கடைசி அறையில் கொண்டுபோய் மாட்டினேன். தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாரை இறக்கினால் என்ன வரும்? காற்றுதான் வரும். ரௌட்டருக்கும் டிவிக்கும் பாதி வழியில் வைக்க வேண்டிய சாமான் அது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்கு அடிப்படையான ஒரு கேள்வி வந்தது. எங்கள் வீட்டு ரௌட்டர் எங்கே இருக்கிறது?

பரணில் இருந்தது. ஹாலில் ஒயர் தொங்கினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, இணைப்புக் கொடுத்த அன்றே சாந்தாமணி அதை மேலே ஏற்றச் சொல்லியிருந்தாள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், முன்னால் அவளுடைய கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள்: பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு. பின்னால், மூச்சு முட்டிக்கொண்டு ரௌட்டர். அத்தனை பித்தளையைத் தாண்டி சிக்னல் எப்படி வெளியே வரும்?

இறக்கிக் கொண்டுவந்து ஹாலில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைத்தேன். வட்டம் பாதி குறைந்தது. டிவிக்கும் ரௌட்டருக்கும் நேராக ஒரு கேபிள் இழுத்தேன். இன்னும் குறைந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் பழையபடி வந்து நின்றது. ஏழு மணிக்கு அப்படி என்ன?

துரைசாமி அண்ணன் வீட்டில் சீரியல் ஆரம்பிக்கிற நேரம்!

போன மழைக்காலத்தில் அவர் வீட்டு நெட் அறுந்துபோனபோது, ஒரு நாளைக்கு என்று பாஸ்வேர்டு கேட்டார். கொடுத்தேன். அது இன்று வரை அவர் வீட்டு டிவியில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கறிவேப்பிலை கேட்டால் கொடுக்கிற மாதிரி இதையும் கொடுத்துவிடுகிறோம். திரும்பக் கேட்கத்தான் வாய் வருவதில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்தான்... மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாங்க?" என்று எப்படிக் கேட்பது?

வளைத்து வளைத்துப் பேசி, விஷயத்தின் ஓரத்துக்கு வந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட, இத முன்னாலயே சொல்றதில்லீங்களா! சீர் அன்னைக்கு எங்க ஊட்டு டிவிய அமத்திப்போடறனுங்க" என்றார் பெரிய மனதோடு. அன்றைக்கு மட்டும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சீர். சாந்தாமணி நல்ல பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். துரைசாமி அண்ணன் வாக்குத் தவறாமல் தன் வீட்டு டிவியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நான் வேகத்தைச் சோதித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வேகத்தை எங்கள் வீடு பார்த்ததே இல்லை.

நேரலை வந்தது. மேளச் சத்தம் கேட்டது. கேமரா சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே மணமேடைப் பக்கம் நகர்ந்தது. தேங்காய்த் தட்டு, வெற்றிலைத் தட்டு, வாழைப்பழத் தட்டு...

நின்றது. ஒரு சீப்பு வாழைப்பழத்தின் மேல் வட்டம் சுற்றியது.

ரௌட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். சந்தேகத்துக்கு வேறொரு வீடியோவைப் போட்டால், அது குதிரை மாதிரி ஓடுகிறது! அப்படியானால் கோளாறு எங்கள் வீட்டில் இல்லை. தாராபுரத்தில்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. நேரலைக்காரர் நம்பியிருந்தது ஒரு மொபைல் சிம்மை. மண்டபத்தில் இருந்தவர்களோ ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிப் பிடித்து, வராத சொந்தங்களுக்கெல்லாம் வீடியோ காட்டிக்கொண்டிருந்தார்கள். டவர் என்ன செய்யும், பாவம்? நான் ஒரு வாரம் ஏணி ஏறி இறங்கிச் சரிசெய்தது வழியின் இந்த முனையைத்தான். மறு முனை என்று ஒன்று இருப்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

சாந்தாமணியின் ஃபோன் அடித்தது. செந்தில்.

"அக்கா, ஆரம்பிக்கப் போறாங்க. தெரியுதா?"

அவள் வாழைப்பழத்தைப் பார்த்தாள். "தெரியுது கண்ணு. நல்லாத் தெரியுது. நீ நடத்து சாமி" என்றாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது.

செந்தில் நம்பவில்லை.

"சரி, சுசீலாக்கா என்ன கலர் சேலை கட்டியிருக்குது, சொல்லு பாக்கலாம்."

இவள் என்னைப் பார்த்தாள். நான் துரைசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"...பச்சை?"

"உனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியுமே!" என்றான் செந்தில். "ஏனுங்க, அக்காவுக்குத் தெரியலையாமாங்க. கொஞ்சம் நிறுத்துங்க."

"வேண்டாம் கண்ணு! பந்திக்கு ஆளுங்க காத்திருப்பாங்க!" என்று இவள் கத்தினாள். அதற்குள் சீரை நடத்துகிற அருமைக்காரர் மைக்கில் பேசுவது ஃபோன் வழியே கேட்டது.

"அக்கா பாக்காத இணைச்சீரு என்னத்துக்குங்க? பந்தி எங்கயும் ஓடிப்போயிராது. எல்லாருக்கும் ஒரு வேண்டுகோளுங்க. கோயமுத்தூர்ல மாப்பிள்ளையோட அக்கா பாத்துட்டு இருக்குது. செல்லுல நெட்டைக் கொஞ்ச நேரம் அமத்திப்போடுங்க."

பசியோடு இருக்கிற கல்யாணக் கூட்டம் ஒன்று, அடுத்த ஊரில் கால் உடைந்து கிடக்கிற ஒருத்திக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? நின்றது. மேளத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு வாழைப்பழம் மெல்ல நகர்ந்தது. மேடை வந்தது. செந்தில் வந்தான், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் சுசீலா.

சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"இப்பச் சொல்லுக்கா. என்ன கலரு?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உற்றுப் பார்த்துச் சொன்னாள். "கத்திரிப்பூக் கலரு. அவளுக்கு எடுப்பாவே இல்ல. போச்சாது, பரவால்ல, நடத்துங்க."

செந்தில் ஃபோனை எப்போது ஸ்பீக்கரில் போட்டானோ தெரியவில்லை. சில நொடி கழித்து, சுசீலா குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டது எங்கள் டிவியில் பளிச்சென்று தெரிந்தது... எச்.டி.யில்!