நாலாம் வகுப்புச் சங்கம்

சிறுவர் உரிமைப் பாடத்தில் எல்லா உரிமைகளையும் ஒரே வேகத்தில் படிப்பித்தது என் பிழை. "ஒன்றுகூடவும் சங்கம் அமைக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு" என்ற வரியை மட்டுமாவது கொஞ்சம் விழுங்கியிருக்கலாம். மாத்தளை டவுனில் நான் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அந்த வரியால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டு, அதோடு மறந்துவிடுவார்கள். ஆனால் இது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறினாலும் சங்கம் தடுமாறாது. அப்பா ஒரு தொழிற்சங்கம், மாமா இன்னொரு தொழிற்சங்கம், தேர்தல் வந்தால் இரண்டு பேரும் முகம் பார்க்கமாட்டார்கள் என்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

இடைவேளை முடிந்து நான் வகுப்புக்குள் வந்தபோது சங்கம் அமைந்தே விட்டிருந்தது. தலைவி, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் பிள்ளை. அவளுடைய அம்மாதான் தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவி என்பதால் போட்டியே இருக்கவில்லையாம். செயலாளராக ஒரு பையன், பொருளாளராக ஒரு பையன். சந்தா ஆளுக்கு ஒரு டொபி. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்குள் சங்கத்தின் நிதி முழுவதும் பொருளாளரின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதற்காக அவனை யாரும் பதவியிலிருந்து இறக்கவில்லை. அவ்வளவு தூரம் பெரியவர்களைப் பார்த்துக் கற்றிருந்தார்கள்.

"சங்கம்னா ஒரு பிரச்சினை இருக்கணும் டீச்சர். எங்களுக்கு இருக்கு" என்று தலைவி கடைசி வாங்கைக் காட்டினாள்.

அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தவள் போன வருஷம் வேறு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. அவளுடைய அம்மா விடியவே கொழுந்து எடுக்கப் போய்விடுவார். இரண்டு வயதுத் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருவது இவள் பொறுப்பு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் காம்பரா ஏழரைக்குத் திறக்கும். பள்ளிக்கூட மணியும் ஏழரைக்குத்தான் அடிக்கும். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும், பிந்தி வருகிறவர்களை முதல் பாடம் முடிந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூட அதிபரின் சட்டம். ஆகவே அவள் தம்பியை விட்டுவிட்டு மேடேறி ஓடி வந்து, தினமும் கேட்டுக்கு வெளியே புத்தகப் பையோடு நிற்பாள்.

முதல் பாடம் கணிதம். அவள் பின்னம் என்றால் என்ன என்று தெரியாமல் விழிப்பாள். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார்மேல் என்றுதான் தெரியாது. அதிபரிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். "ஒருத்திக்குத் திறந்தா நாப்பது பேருக்குத் திறக்கணும், டீச்சர்" என்றார்.

இதையே நான் சங்கத்துக்கும் சொன்னேன். தலைவி யோசித்தாள்.

"பஸ் பிந்தி நீங்க லேட்டா வந்தா மட்டும் வோச்சர் கேட்டத் தொறந்து விடுறாரே? எல்லாரும் சமம்னு காலையில போர்டுல எழுதிப் போட்டீங்கதானே?"

"லேட்டா வந்தா நான் வரவுப் புத்தகத்துல செவப்புக் கோட்டுக்குக் கீழதான் கையெழுத்துப் போடணும். அது எவ்வளவு அவமானம் தெரியுமா?" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"நாங்களும் போடுறோம் டீச்சர். கோடு போட்டுக் குடுங்க."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். "புத்தகத்தை எடுங்க" என்றேன்.

மறுநாள் போராட்டம் தொடங்கியது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோடு தகராறு வந்தால், சனங்கள் மலைக்குப் போவார்கள், கூடையும் மாட்டுவார்கள், ஆனால் கொழுந்தை எண்ணி எண்ணிக் கிள்ளுவார்கள். வேலைக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் வகுப்பிலும் அதே கதைதான். சொல்வதெழுதுதல் கொடுத்தேன். முதல் வசனம் முடிவதற்குள் பாட நேரம் முடிந்துவிட்டது. ஒருவன் பென்சில் சீவினான், சீவினான், கடைசியில் பென்சிலே இல்லை. வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்கள். நான் மேசையில் தட்டிக் கத்தினேன். அவர்கள் மெதுவாகப் பயந்தார்கள்.

இரண்டாம் நாள் அதிபரே பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். அவரும் தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். தலைவிக்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் கதிரை போடச் சொன்னார், பிளேன்டீயும் கிரீம் கிரேக்கரும் வரவழைத்தார். இங்கே வந்ததிலிருந்து எனக்கு அந்த அறையில் ஒரு பிஸ்கட் கிடைத்ததில்லை. கால் தரையில் எட்டாமல் மூவரும் அமர்ந்திருக்க, தலைவி கேட் விஷயத்தைச் சொன்னாள்.

"பரிசீலிக்கிறேன்" என்றார் அதிபர்.

"தொரையும் இதத்தான் சேர் சொல்லுவாரு."

அதிபர் தேநீரை ஆற்றிக் குடித்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "விளையாட்டு ரூம்ல புதுப் பந்து ஒண்ணு சும்மா கெடக்கு. எந்த வகுப்புக்குக் குடுக்கிறதுன்னுதான் தெரியல" என்றார். செயலாளரின் கண் அப்படியே விரிந்தது.

பின்னேரத்துக்குள் சங்கம் உடைந்தது. பையன்கள் எல்லாரும் புதுச் சங்கம் தொடங்கி, புதுப் பந்தோடு மைதானத்தில் நின்றார்கள். போராட்டம் வெற்றி என்று கூச்சல் வேறு.

"ஒரு பந்துக்கு வித்துட்டானுங்க டீச்சர்" என்று தலைவி என் மேசை அருகே வந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் உண்மையாகவே அழுகிறாள் என்று கண்டதும் அது போன இடம் தெரியவில்லை. மறுநாளும் அந்தப் பிள்ளை கேட்டுக்கு வெளியேதான் நிற்கப் போகிறாள் என்பது எனக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும்.

ஆனால் மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. காலைக்கூட்டம் முடிந்து வகுப்புக்குள் போனால், பிள்ளைகள் எல்லாரும் கைகட்டி, வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி வாங்கில் அந்தப் பிள்ளை இருந்தாள். முதல் பாடத்தில் அவளை அன்றுதான் பார்க்கிறேன். அவள் மடியில் அவளுடைய தம்பி, நான் போர்டில் எழுதும் சோக்குக் கட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தான். மணி அடிக்க முன்பே அவனோடு வந்து, மற்றவர்கள் கூட்டத்துக்குப் போனபோது வாங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தாளாம்.

"புது உறுப்பினர், டீச்சர்" என்றாள் தலைவி. "அவனும் சிறுவர்தானே?"

பின்னம் படிப்பிக்கத் தொடங்கினேன். வேறு என்ன செய்ய? சின்னவன் சிணுங்கினான். எதிர்ச் சங்கத்துச் செயலாளர் மெதுவாக எழுந்து போய், அந்தப் பெரும் பேர் பெற்ற பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தான். சின்னவன் அதை ஒரே உதை. பந்து கதவு வழியாக வெளியே ஓடியது. கொஞ்ச நேரத்தில் அதைக் கையில் பிடித்தபடி அதிபர் உள்ளே வந்தார்.

"இது யாரு?"

"தாத்தா!" என்றான் சின்னவன், சோக்கு வாயோடு.

அதிபருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. வகுப்பு வெடித்துச் சிரித்தது, இந்த முறை மெதுவாக அல்ல. தலைவி எழுந்து, "இவனுக்குக் கல்வி உரிமை இல்லையா சேர்?" என்று கேட்டாள். அதிபர் என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன்.

நல்ல வேளையாக அந்த நேரம் பிள்ளைக் காம்பரா ஆயம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "புள்ளயக் காணோம்னு லயம் லயமாத் தேடுறேன், இங்கன வந்து சோக்குத் திங்கிறியாடா?" என்று சின்னவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விஷயத்தைச் சொன்னோம். ஆயம்மா கேட்டுவிட்டு அதிபரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் மேல் லயத்திலருந்து இந்தக் கேட்டத் தாண்டித்தானே தெனமும் எறங்கிப் போறேன்? பெல் அடிக்க முன்ன கேட்டுக்கிட்ட வச்சு எங்கிட்டக் குடுத்தா நான் தூக்கிட்டுப் போகமாட்டேனா? என்னய யாரு கேட்டீங்க?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

தம்முடைய சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்று அதிபர் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னார். வென்றது தாங்கள்தான் என்று இரண்டு சங்கங்களும் தனித்தனியே அறிவித்தன.

அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பு வரிசையில் நின்றாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, தோளில் தம்பி இல்லாமல். பாடசாலைக் கீதம் தொடங்கியது. முதல் சரணம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டு வந்தால் ஊமைபோல நிற்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பாடு என்று சொல்ல அவள் பக்கத்தில் போனேன். அப்போது கடைசிச் சரணம் தொடங்கியது. சட்டென்று அவள் குரல் எல்லார் குரலுக்கும் மேலே எழும்பியது, ஒரு சொல்கூடப் பிசகாமல்.

அவள் மேடேறி ஓடி வந்து கேட்டைப் பிடிக்கும்போது தினமும் அந்தக் கடைசிச் சரணம்தான் நடந்துகொண்டிருக்கும். வெளியே நின்று அதைப் பாடியிருக்கிறாள். மற்ற இரண்டும் அவளுக்குத் தெரியாது.