மாலை இல்லாத படம்

எங்கள் மகள் இறந்து ஒரு வருடம் நெருங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். கோயிலில் அன்னதானம் போடுங்கள். வடை, பாயசத்தோடு போட்டால் ஊரே சாப்பிட்டுவிட்டு நல்ல வார்த்தை சொல்லும். எனக்கு அந்த நல்ல வார்த்தை வேண்டியிருக்கவில்லை. அழுகையும் வரவில்லை. கோபம் மட்டும் அவ்வப்போது வரும், அதுவும் வந்த வேகத்தில் போய்விடும். மற்றபடி சோறு ஆக்கினேன், துணி துவைத்தேன், யாராவது பேசினால் தலையாட்டினேன்.

என் கணவர் அதிகம் பேசாதவர். கச்சிராயபாளையத்தில் இருக்கும் எங்கள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "முன் ரூமைக் காலி பண்ணிடலாம். மலையில இருந்து வர்றவங்க தங்கட்டும்."

யார் என்று நான் கேட்கவில்லை. மகளின் ரத்தப் புற்றுக்காகப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்திருக்கிறோம். கல்வராயன் மலையிலிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே இறங்கி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே கிடப்பார்கள். கீமோ ஏற்றிய பிள்ளைக்கு ரத்தத்தில் வெள்ளையணுக் கவுண்ட்டு இறங்கியிருக்கும், எதையும் தாங்கும் சக்தி இருக்காது. ஒரு டம்ளர் கெட்ட தண்ணீர் போதும், காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

அறைக்கு வெள்ளையடித்தோம். அந்தப் பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது எனக்கு மனப்பாடம். தண்ணீர் கொதித்து ஆறியிருக்க வேண்டும். பச்சைத் தேங்காய்ச் சட்னி கூடாது. எதுவாக இருந்தாலும் அடுப்பிலிருந்து அப்போதே இறக்கியதாக இருக்க வேண்டும். மகளுக்குச் செய்து பழகிய கை, அதுவரைக்கும் சும்மா கிடந்தது.

அந்த அறையின் சுவரில் மகளின் படத்தை மாட்டினேன். ஆறாம் வகுப்பு தொடங்கியபோது பள்ளிக்காக எடுத்தது. ரெட்டைச் சடை, ரிப்பன். அந்த வகுப்பை அவள் முடிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், யாரும் கேட்காமலே பின்னால் நீல வானம் வைத்துவிட்டார். கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராகக் குங்குமப் பொட்டு, சந்தன மாலை, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இறந்தவர்கள் படத்துக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவளுக்காகத் திறந்த அறையில் அவள் இல்லாமல் எப்படி?

முதலில் வந்தவள் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு ஊர்க்காரி. கூட ஏழு வயது மகள். சிறுமியின் தலையில் துண்டு கட்டியிருந்தது. என் கணவர்தான் பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசி அழைத்து வந்தார். நான் இட்லியோடு வந்தபோது அந்தத் தாய் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க இது?"

"எங்க பொண்ணு."

"இன்னா ஆச்சிங்க?"

"இதே நோவுதான்."

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். இட்லி வைத்தபடியே இருந்தது. "சொந்தக்காரங்க வூடு ஒண்ணு இருக்குதுங்க, அங்க போயிடறோம்" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். சொந்தக்காரர் யாரும் இல்லை. விடிந்ததும் என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தபோது, அவர்கள் ஏறிக்கொண்டிருந்தது புதுச்சேரி பஸ்ஸில் இல்லை, மலைக்குத் திரும்பும் பஸ்ஸில். கூப்பிட்டாராம், அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

வைத்தியத்தை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோய் திரும்ப வரும். அப்படி வந்தால் முன்னைப்போல மருந்துக்கு அடங்காது.

"படத்தை உள்ள மாட்டிக்கலாமா?" என்றார் கணவர்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "எதுக்கு? அவ இன்னா திருடிக்கினு வந்தவளா, ஒளிச்சி வெக்க? படத்தைப் பாத்தா ஒட்டிக்கிற நோவா இது?" அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்குக் கோபமெல்லாம் அந்தப் பெண் மேல். என் மகளை அவள் அபசகுனமாக நினைத்துவிட்டாள். அதை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்றுதான் மறுநாள் மலை பஸ் ஏறினேன். பிள்ளையை அழைத்து வரப் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் சண்டைக்குத்தான் போனேன். மலையடிவாரத்து அணையைத் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் வாந்தி எடுத்தாள். நான் நகர்ந்துகூட உட்காரவில்லை.

விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது அவள் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"எங்க பொண்ணப் பாத்து பயந்து ஓடியாந்துட்டியேம்மா, அது இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றேன்.

"ஐயோ, அப்படி இல்லீங்கக்கா. நீங்க தண்ணி எடுக்க உள்ள போனீங்களே, அப்ப புள்ள கேட்டுச்சிங்க. எனக்கும் இதே மாதிரி பொட்டு வெச்சி மால போட்டு மாட்டுவியாம்மான்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே ஊசிக்கு வரமாட்டேன்னு பஸ் ஸ்டாண்டு தூணப் புடிச்சிக்கினு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழ வேண்டிய இடம் அதுதான். அங்கேயும் எனக்கு வரவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க. மால இருக்காது" என்றேன். வருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டு வாசலிலேயே நின்று பார்த்தது, கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறினேன். மாலையைக் கழற்றினேன், பல்பைப் பிடுங்கினேன். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தபோது மகளின் நெற்றி தெரிந்தது. சின்ன வயதில் விழுந்து தையல் போட்ட தழும்பு அதில் இருந்தது. அது இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறந்தவள் படத்திலிருந்து மாலையை எடுக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மலை பஸ் வந்த சத்தம் கேட்டது. இட்லியை இறக்கி வைத்துவிட்டு, வருவார்களா மாட்டார்களா என்று அடுப்படியிலேயே நின்றேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சுவரைப் பார்த்தது.

"மாலயக் காணோம்."

"எடுத்துட்டேன்."

"அந்த அக்காவுக்கு நல்லாயிடுச்சா?"

தாய் அதன் வாயைப் பொத்தப் போனாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அந்தப் பிள்ளையைப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்ற ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"ஆமா, நல்லாயிடுச்சி."

"அப்ப எங்க?"

"ஆஸ்டல்ல இருக்கா. படிக்கிறா."

பிள்ளை முந்தானையை விட்டுவிட்டு உள்ளே வந்தது. படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, நான் கொண்டுவந்து வைத்த இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"எத்தனாவது?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "ஏழாவது" என்றேன்.

தண்ணீர்ச் செம்போடு வந்த என் கணவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். படத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏழு முடிச்சிட்டா" என்றார். "இந்த ஜூன்ல இருந்து எட்டாவது."