மண்டோர் ரத்தத்தில் தண்ணீர்

ஊசியோடு வருகிறவளைப் பார்த்து எந்த நோயாளியும் சிரித்ததில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பிழைக்கும் என் சகோதர சகோதரிகளே, இந்த வருத்தம் உங்களுக்குத்தான் புரியும்.

கலப்படம்

பெருமாள், கலும்பாங் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கூலியாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தவர். பைபாஸ் முடிந்து வார்டுக்கு வந்திருந்தார். "ஆபரேஷனுக்கு முன்னாலதானே எடுத்தே, மறுபடி எதுக்கு?" என்று முறைத்தார். ஆபரேஷனில் ரத்தம் மெஷின் வழியாகச் சுற்றும்போது மருந்துத் தண்ணீர் கலந்து அதிலுள்ள புரதம் நீர்த்துப்போகும், அது திரும்ப ஏறுகிறதா என்று பார்க்கத்தான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மரத்துப் பாலில் தண்ணீர் ஊற்றி எடை கூட்டிக் காட்டுகிறவர்களைப் பிடிப்பதுதான் அவர் வேலையாக இருந்ததாம்.

"ஆயுசு பூரா பால்ல தண்ணி கலந்தவனப் புடிச்சேன். இப்ப என் ரத்தத்துலயே கலந்துட்டானுங்களா!"

முட்டை

புரதம் ஏறவே இல்லை. கால் வீங்கியது. நெஞ்சுத் தையல் ஒரு மூலையில் மூடாமல் கசிந்தது. கிருமி உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் தினமும் முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். முட்டை வரத்தான் செய்தது. ஆனால் அவர் மனைவி அஞ்சலையக்கா, புண் இருக்கும்போது முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று அதை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு வெறும் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டில்காரருக்குக் கன்னமே வைத்துவிட்டது. கோபத்தில் நான் கத்தியே விட்டேன். அக்கா அசையவில்லை.

"டாக்டருக்கு நெஞ்சத் தொறக்கத்தான் தெரியும். மூடுறதுக்குப் பத்தியம் வேணும் தங்கச்சி!"

விரால்

தோட்டத்து ரப்பர் பால் லோரியை ஓட்டிய ஆ செங், மண்டோரின் பழைய சீனக் கூட்டாளி. செகிஞ்சான் வாய்க்காலில் பிடித்த விராலை சூப் வைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். இதுவும் அடுத்த கட்டிலுக்குத்தான் என்று நினைத்தேன். அக்காவோ இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊட்டினார். "முட்டை ஆகாது, மீன் மட்டும் ஆகுமா?" என்று கேட்டேன். அக்காவும் ஆ செங்கும் சேர்ந்தே சொன்னார்கள்:

"மீனா? இது புண்ணாத்துற மருந்து லா!"

டிஸ்சார்ஜ்

ஃபிளாஸ்க் தினமும் வந்தது. புரதம் மெல்ல ஏறியது, தையலும் மூடியது. ரிசல்ட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பிய மண்டோர் டாக்டரைக் கும்பிட்டார், ஆ செங்கைக் கட்டிப் பிடித்தார். என்னிடம் மட்டும் ஊசித் தழும்பு நிறைந்த கையை நீட்டினார்.

"பாலுக்கு மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சீவுவோம். நீ தெனமும் சீவிட்டியேம்மா!"

ஆக, மண்டோரைக் காப்பாற்றிய பெருமை விராலுக்கு, சீவிய பழி எனக்கு.