பெயர் கேட்காத சான்று

சேலைக்குச் சேலை ஒரு கியூஆர் கோடு ஒட்டி, நெய்தவர் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாவற்றையும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஏற்றுவது என்று எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரிகள் சங்கம் முடிவு செய்தது. போலிப் பட்டை ஒழிக்க நல்ல யோசனைதான். புரோகிராம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் மகள், படித்தது கம்ப்யூட்டர்.

எனக்கு உடனே எதிர்வீட்டு அக்கா நினைவு வந்தது. அடி தாங்காமல் ஆரணியில் புருஷனை விட்டு வந்து, எங்கள் தெருவில் தறி போட்டு நெய்கிறவர். அவனும் முன்பு அவரோடு தறியில் உட்கார்ந்தவன், இப்போது சேலைத் தரகன். காஞ்சிபுரத்துக் கடைகளில் ஏறி இறங்கி அவரைத் தேடிக்கொண்டிருந்தான். கோடு இல்லாத சேலையைக் கடைகள் இனி வாங்காது. பதிந்தால் அவன் வாசலில் நிற்பான். பதியாவிட்டால் தறி நிற்கும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊராவது நாளடைவில் மறக்கும். பிளாக்செயினில் ஏறியதை அழிக்கவே முடியாது.

பெயரை ஏற்ற மாட்டேன் என்றேன். சங்கத் தலைவர் முகம் சுருங்கியது.

“மறைக்கிறதுக்கு என்னாமா இருக்குது? நெய்யறது என்ன திருட்டா?”

ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று ஒன்று உண்டு, ரகசியத்தைக் காட்டாமலே உண்மையை நிரூபிக்கலாம் என்றேன். காதில் பூ சுற்றாதே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து இரண்டு அரக்கு நிறப் பட்டு நூல் கழிகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டேன். ஒன்று அப்பா சாயமேற்றியது, மற்றது பக்கத்துப் பட்டறையுடையது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் இடம் மாற்றியோ மாற்றாமலோ நீட்டச் சொன்னேன். மாற்றினாரா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். ஒரு முறை என்றால் குருட்டாம்போக்கு எனலாம். கை சலிக்கும்வரை நீட்டிப் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்வதாக இல்லை. வித்தியாசம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதையே புரோகிராமிலும் செய்தேன். பட்டியலில் பெயர்கள் இல்லை, பூட்டிய எண்கள்தான். சாவி அவரவர் போனில். பதிவான நெசவாளர் ஒருவர் நெய்தது என்று மட்டும் கணக்கு நிரூபிக்கும். அக்கா பயந்துகொண்டேதான் பதிந்தார்.

ஒரு நாள் அக்காவின் புருஷன் சங்க ஆபீசுக்கே வந்து, கடையில் கிடைத்த ஒரு சேலையை விரித்தான். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை வைத்தான். பெயரை மறைத்தேன், கூட உட்கார்ந்து நெய்தவனுக்குக் கையே அடையாளம் என்பதை மறந்துவிட்டேன்.

“இது அவ கைதான். எந்தத் தெரு, சொல்லு.”

“சேலை உண்மையான்னு கேளு, சொல்றேன். ஆளைக் கேக்காத.”

தலைவரிடம் திரும்பினான். அவர் பட்டியலைத் திறந்து எண்களைக் காட்டி, தனக்கே தெரியாது என்றார். அது சத்தியம். அவன் சேலையின் கோடை ஸ்கேன் செய்தான். பதிவான நெசவாளர் ஒருவர் நெய்தது, சான்று சரி என்று மட்டும் வந்தது. அக்கா உயிரோடு இருக்கிறார், முன்னைவிட நன்றாக நெய்கிறார் என்பதை அந்தச் சேலை அவனுக்கு நிரூபித்துவிட்டது. எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.