அரை மாத்திரை

கேரம் போர்டுக்கு ஊக்க மருந்தா என்று யாரும் சிரிக்கலாம். ஓட வேண்டாம், தாண்ட வேண்டாம், எடை தூக்க வேண்டாம். விரல் நடுங்காமல் இருந்தால் போதும். என் விரல் நடுங்கும். மயிலாப்பூர் வீட்டில் தனியாக ஆடும்போது சொன்ன இடத்தில் காயின் விழும். நாலு பேர் சுற்றி நின்றால் ஸ்ட்ரைக்கர் தன் இஷ்டத்துக்குப் போகும்.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு மண்டபத்தில் மாநில அணிக்குத் தேர்வு நடந்தது. பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அது கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். அதை நம்பி டைப்ரைட்டிங் வகுப்பைக்கூடப் பாதியில் விட்டிருந்தேன்.

அன்று காலை மாடிப்படியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மேல் வீட்டு மாமி பார்த்துவிட்டார். அவர் கணவர் வயலின் வித்வான்.

“எங்காத்து மாமா இதுல பாதியைப் போட்டுண்டுதான் மேடை ஏறுவார். டாக்டர் குடுத்ததுதான். படபடப்பே இருக்காது” என்று அரை மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கச்சேரிக்குப் போட்டால் தப்பில்லை, கேரத்துக்குப் போட்டால் தப்பா? குறி வைக்க அதுவா சொல்லித் தருகிறது? காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லையா? காகிதத்தைப் பிரித்தேன், மடித்தேன், மறுபடி பிரித்தேன். பனகல் பார்க்கில் இறங்கி, டீக்கடையில் தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டேன்.

கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவள் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்த பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னைவிட நன்றாக ஆடுபவள். அது எங்கள் இருவருக்குமே தெரியும். அவளுக்கும் அந்த வேலைதான் வேண்டும். கடைசி போர்டில் சிவப்பைப் போட்டுவிட்டாள். பின்னாலேயே ஒரு காயின் போட்டால் ஆட்டம் அவளுடையது. நேர் காயின். அவள் விரல் நடுங்கியது, காயின் விளிம்பில் மோதி நின்றது. பின்காயின் விழாததால் நடுவுக்குத் திரும்பிய சிவப்பை நான் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். என் விரல் அசையவே இல்லை. யாரோ ஒருத்தியின் விரலைப் பார்ப்பது போல இருந்தது.

வெளியே குழாயடியில் அவள் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“இன்னாக்கா, உன் கை நடுங்கவே இல்ல? எனுக்கு இன்னும் படபடன்னு அடிச்சிக்கினு கீது. எப்டின்னு எனுக்கும் சொல்லுக்கா.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“அடிக்கறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்துப் பிடிச்சு எட்டு எண்ணு. பழகிட்டா நடுங்காது” என்றேன். அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பொய். அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அலுவலகம் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு அதே மண்டபத்துக்குப் போனேன். மூன்றாவது மேஜையில் அவள். ஸ்ட்ரைக்கரை வைத்தாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள். உதடு அசைந்தது. ஆறு, ஏழு, எட்டு. கன்னம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டி, விரல் போன வருடத்தைவிட மோசமாக நடுங்கியது. முதல் சுற்றிலேயே தோற்றாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“நீ சொன்ன மாரியேதான் டெய்லி செய்றேன்க்கா. எனுக்குத்தான் இன்னும் வரல.”