கந்தப்போடி மச்சானும் புதிய அம்ப்ளிபயரும்

2023 ஆவணி 12, சனிக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. வெளியே கச்சான் காற்று அனலாக வீசியது. மகன் அனுப்பிய ஹோம் தியேட்டரோடு தனியாக ஒரு பவர் அம்ப்ளிபயரை அன்றுதான் இணைத்திருந்தேன்.

அதை வாங்கியதே கந்தப்போடியின் வாயை அடக்கத்தான். என் மனைவியின் தமையன் அவர். அவள் இறந்த பிறகும் தினமும் என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள். கண்ணில் புரை. படம் ஓடும்போது, "ஆர் மச்சான் இவன்? கையில கத்தியா வெச்சிருக்கான்?" என்று நிமிடத்துக்கு நாலு கேள்வி கேட்பார்.

அன்றும் என் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். நான் சத்தத்தைக் கூட்டினேன். அவருடைய உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அம்ப்ளிபயர் வேலை செய்கிறது என்ற திருப்தியில் சும்மா தலையாட்டினேன். அவர் சிரித்து, என் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு அவர் வரவில்லை. திங்கள் மத்தியானம் வாசலில் வந்து நின்றார்.

"இண்டைக்குக் கண் ஒப்பரேசன், விடிய ஆறு மணிக்குப் பாலத்தடிக்குத் துணைக்கு வாறியா எண்டு சனிக்கிழமை கேட்டன். ஓம் எண்டுதானே தலையாட்டின நீ? காலையில ஆறு மணியிலிருந்து பாலத்தடியில பாத்துக்கொண்டு நிண்டன். போன் அடிச்சன், எடுக்கல்ல. மறுகா ஆசுபத்திரிக்குத் தனியாப் போனா, துணைக்கு ஆளில்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்க."

"நீ அண்டைக்குக் கேட்டது படச் சத்தத்தில கேக்கல்ல மச்சான்."

"நான் கதைக்கிறது கேக்காமலிருக்கத்தானே அதை வாங்கின நீ?"

அதன் பிறகு அவர் வரவில்லை. நான் மூன்று தரம் போனேன், வாசலுக்கு வரவில்லை. இப்போது படத்தில் ஒரு வசனமும் எனக்குத் தப்புவதில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அம்ப்ளிபயர், வயர், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து தொண்ணூற்றாறாயிரம் ரூபாய்.